மரப்பெட்டிக்கு அந்தப் பக்கம்: லண்டனைப் பிரித்த எல்டிஎன் தெருக்கள்

லண்டனில் ஒரு தெருவின் குறுக்கே இரண்டு மரப்பெட்டிகள். இடுப்பளவு உயரம். உள்ளே மண், லாவெண்டர் செடி, யாரோ சொருகிவிட்டுப் போன காலி சிப்ஸ் பாக்கெட். பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சைக்கிள் போகும், குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டி போகும், கார் போகாது. பார்க்கப்போனால் இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தப் பெட்டிகளை இரவோடு இரவாகக் கவிழ்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இதே வேலையைச் செய்கிற பிளாஸ்டிக் கம்பங்களைத் தீ வைத்து உருக்கியிருக்கிறார்கள். இதை முன்னிட்டு கவுன்சில் என்கிற உள்ளாட்சி மன்றத்தின் தலைவருக்கு நாற்காலி ஆடியது, பிரதமர் பேட்டி கொடுத்தார், உயர் நீதிமன்ற நீதிபதிகள் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதினார்கள்.

லோ டிராஃபிக் நெய்பர்ஹுட் என்பது முழுப் பெயர். சுருக்கமாக எல்டிஎன். வண்டி குறைந்த குடியிருப்பு என்று தமிழில் சொல்லலாம். ஆனால் இங்கே இருக்கிற தமிழர்கள் "எங்க ரோட்லயும் எல்டிஎன் போட்டுட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

லண்டனின் பழைய குடியிருப்புகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. நான்கு பக்கமும் பஸ் போகிற பெரிய சாலை. நடுவே விக்டோரியா காலத்து ஒட்டு வீடுகள், வரிசை வரிசையாக. அந்த வீடுகளைக் கட்டியபோது கார் என்ற ஒன்று கிடையாது, ஆகவே வீட்டுக்குள் அதை நிறுத்த இடமும் கிடையாது. தெருவின் இரண்டு ஓரமும் கார்கள் நின்றதுபோக மிஞ்சுவது ஒரு வண்டி போகிற அகலம்தான். பெரிய சாலையில் சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் இந்தச் சின்னத் தெருக்களுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுவார்கள். ஆங்கிலேயர்கள் இதற்கு எலி ஓட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பு அந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்த எலிகள் மட்டும் ஓடின. கைப்பேசி வழிகாட்டிச் செயலிகள் வந்த பிறகு, அந்த ஊருக்கே முதல்முறை வருகிறவரும் அதே சந்துக்குள் ஓடுகிறார்.

எல்டிஎன் செய்வது, அந்தச் சதுரத்தின் உள்ளே சில இடங்களில் மட்டும் தடை வைப்பது. கிழக்குப் பக்கமாக நுழைந்த கார் கிழக்குப் பக்கமாகவே வெளியேற வேண்டும். மேற்குச் சாலைக்குப் போக வேண்டுமென்றால் சுற்றித்தான் போக வேண்டும். இதில் எதிர்ப்பவர்கள் அடிக்கடி மாற்றிச் சொல்கிற ஒன்று உண்டு: "தெருவை மூடிவிட்டார்கள்." மூடவில்லை. உள்ளே இருக்கிற எந்த வீட்டு வாசலுக்கும் காரில் போகலாம், சாமான் ஏற்றி வருகிற வேனும் போகலாம். ஊடே கடப்பதுதான் முடியாது. ஆதரிப்பவர்கள் அடக்கி வாசிக்கிற ஒன்றும் உண்டு: உள்ளே குடியிருப்பவருடைய காரும் சுற்றித்தான் போக வேண்டும். முன்பு மூன்று நிமிடத்தில் போய் வந்த மாமியார் வீட்டுக்கு, பெரிய சாலை நெரிசலைப் பொறுத்து, இப்போது பதினைந்து நிமிடம் ஆகலாம்.

தடையில் இரண்டு வகை. மரப்பெட்டியும் இரும்புக் கம்பமும் ஒரு வகை. தீயணைப்புப் படையினர் திறக்கும்படி பூட்டு வைத்த கம்பங்களும் இதில் சேரும். இன்னொன்று கேமரா. தெருவில் தடுப்பு எதுவும் இருக்காது, ஓரத்தில் ஒரு பலகை மட்டும் நிற்கும்: சிவப்பு வட்டம், உள்ளே ஒரு கார், காருக்கு மேலே ஒரு மோட்டார் சைக்கிள். காரைத் தாண்டிப் பறக்கிற சாகசக்காட்சி மாதிரியே இருக்கும். இரண்டுக்கும் அனுமதியில்லை என்பது அதன் பொருள். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரம் கழித்து, என் வண்டி எண் பளிச்சென்று தெரிகிற புகைப்படத்தோடு ஒரு கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தபோது வரவில்லை. லண்டனில் இந்த அபராதம் 130 பவுண்டாக இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து 160. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன்காரருக்கு இந்தப் பாதித் தொகையே ஒரு நாள் சம்பாத்தியத்தில் பெரிய ஓட்டை.

யோசனை புதிதில்லை. 1963இல் கொலின் புக்கானன் பிரிட்டிஷ் அரசுக்காக எழுதிய நகரப் போக்குவரத்து அறிக்கையிலேயே, நகரத்தை அறைகளாகவும் சாலைகளை அறைகளுக்கு வெளியே ஓடும் நடைகளாகவும் பார்க்கச் சொன்னார். ஒரு அறைக்குப் போவதற்கு இன்னொரு அறையின் ஊடே யாரும் போவதில்லை அல்லவா? 1970களில் இஸ்லிங்டனின் பார்ன்ஸ்பரியிலும் ஹாக்னியின் டி போவாரிலும் அப்படியே சில தெருக்களின் குறுக்கே தடைகள் வந்தன. அவற்றுள் சில இன்னும் அங்கேயே நிற்கின்றன. சண்டை போடுகிறவர்களிடம் காட்டினால், "இது எப்போதும் இப்படித்தானே இருக்கிறது" என்பார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் நகர மையத்தை நான்கு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாதபடி செய்தது. பெல்ஜியத்தின் கென்ட் 2017இல் இதையே செய்தது. லண்டன் இவர்களைப் பார்த்துத்தான் எழுதியது, ஆனால் துண்டு துண்டாக எழுதியது.

ஆர்ஃபோர்ட் ரோட்டில் ஒரு சவப்பெட்டி

இப்போதைய கதை தொடங்குவது கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில். 2013இல் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் சைக்கிளுக்கு ஒரு பெரிய திட்டம் அறிவித்தார். அதன் ஒரு பகுதியாக வெளி லண்டனின் மூன்று பரோக்களுக்கு, அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள பகுதிகளுக்கு, "மினி ஹாலந்து" என்ற பெயரில் பணம் ஒதுக்கினார்கள். வால்தம்ஸ்டோ இருக்கிற வால்தம் ஃபாரஸ்ட் பரோவுக்குக் கிடைத்தது சுமார் 27 மில்லியன் பவுண்டு. வால்தம்ஸ்டோ வில்லேஜ் என்கிற பழைய பகுதியின் தெருக்களில் தடைகள் வைத்து, கடைத்தெருவான ஆர்ஃபோர்ட் ரோட்டில் பகலில் கார்களை நிறுத்தினார்கள்.

2015இல் அதைத் திறந்துவைத்த நாளில் எதிர்ப்பாளர்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் செத்துவிட்டது, கடைகள் சாகப்போகின்றன என்பது செய்தி. இன்று அந்தத் தெருவுக்குப் போனால், சவப்பெட்டி வந்த இடத்தில் காபிக் கடை மேசைகள் நடைபாதையிலிருந்து வழிந்து கிடக்கின்றன. சின்னப் பேருந்து ஒன்று மட்டும் மெல்ல ஊர்ந்து போகிறது. சக்கரம் வைத்த குட்டி சைக்கிளில் மூன்று வயசுப் பிள்ளை நடுத்தெருவில் வட்டமடிக்கிறது, அம்மா பத்தடி தள்ளி நின்று கைப்பேசி பார்க்கிறார். அந்தப் பத்தடி எனக்கு எந்த ஆய்வறிக்கையைவிடவும் நிறையச் சொல்கிறது. வீட்டு விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது என்று அங்கே பழகிய சிலர் முணுமுணுப்பதும் காதில் விழும்.

ஆனால் அந்த 27 மில்லியன் பவுண்டு வெறும் மரப்பெட்டிக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லீ பிரிட்ஜ் ரோடு என்கிற நெரிசல் மிகுந்த பெரிய சாலையில், காரோடு கலக்காத தனி சைக்கிள் பாதையை நெடுக அமைத்தார்கள். விப்ஸ் கிராஸ் ரவுண்டானாவைப் பிரித்துப்போட்டு வேறு வடிவத்தில் சந்திப்பாகக் கட்டினார்கள். சின்னத் தெருவை அமைதியாக்கியதோடு, பெரிய சாலையையும் தொட்டார்கள். வால்தம்ஸ்டோவை உதாரணம் காட்டுகிற பலர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பின்னால் வந்த வம்பெல்லாம் இந்த மறதியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

எட்டு வாரம்

2020 மே. ஊரடங்கு. பேருந்திலும் ரயிலிலும் நெருக்கியடித்து ஏறக் கூடாது. எல்லோரும் காருக்கு மாறிவிட்டால் நகரம் நின்றுவிடும் என்ற பயம். போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ், நடைக்கும் சைக்கிளுக்கும் அவசர நிதியாக 250 மில்லியன் பவுண்டு அறிவித்தார். முதல் தவணைக்கு ஒரு நிபந்தனை: பணம் வந்த நான்கு வாரத்தில் வேலை தொடங்க வேண்டும், எட்டு வாரத்தில் முடிய வேண்டும்.

எட்டு வாரத்தில் ஒரு பெரிய சாலையைத் தோண்ட முடியாது. பேருந்துத் தடம் போட முடியாது. சந்திப்பைத் திருத்த முடியாது. என்ன முடியும்? மரப்பெட்டி வைக்க முடியும். கேமரா மாட்ட முடியும். அதைத்தான் செய்தார்கள். அதே ஆண்டு மார்ச்சிலிருந்து செப்டம்பருக்குள் மட்டும் லண்டனில் 72 எல்டிஎன்கள் முளைத்தன.

சட்டத்திலும் இதற்கு வசதி இருந்தது. சோதனை முறைப் போக்குவரத்து ஆணை என்று ஒன்று உண்டு. அதன் கீழ் முதலில் கருத்துக் கேட்க வேண்டியதில்லை; திட்டத்தைப் போட்டுவிட்டு, முதல் ஆறு மாதம் ஆட்சேபங்களை வாங்கிக்கொண்டு, அதிகபட்சம் 18 மாதத்துக்குள் வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யலாம். தர்க்கம் சரிதான்: ஓடவிட்டுப் பார்த்தால்தானே தெரியும்? ஆனால் ஒரு நாள் காலையில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பியவருக்குத் தெருக்கோடியில் பெட்டி நிற்பதுதான் முதல் தகவல் என்றால், அவரிடம் தர்க்கம் பேசி என்ன ஆகப்போகிறது?

விளைவு உடனே வந்தது. தமிழ்க் கடைகளுக்குப் பேர்போன டூட்டிங்கில் வாண்ட்ஸ்வொர்த் கவுன்சில் போட்ட எல்டிஎன்கள் சில வாரம்தான் தாக்குப்பிடித்தன, செப்டம்பரிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். தமிழர்கள் நிறைய இருக்கிற ஹாரோவில் போட்டவை 2021இல் எடுக்கப்பட்டன. ஈலிங்கில் ஒன்பதில் ஏழு போயின; கவுன்சில் தலைவர் ஜூலியன் பெல் 2021 மே மாதம் தலைமையை இழந்ததில் இந்தப் பெட்டிகளுக்கும் பங்கு உண்டு. இன்னொரு பக்கம் ஹாக்னி, இஸ்லிங்டன், லாம்பெத் கவுன்சில்கள் பிடிவாதமாக நின்று விரிவாக்கின.

உள்ளே என்ன நடந்தது

சண்டையை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்த்தால், உள்தெருக்களைப் பற்றி அதிகச் சந்தேகம் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 பரோக்களில் 46 எல்டிஎன்களின் போக்குவரத்துக் கணக்குகளைத் திரட்டி 2023இல் வெளியிட்டார்கள். உள்ளே வண்டி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. 2012 முதல் 2024 வரை லண்டனில் போட்ட 113 எல்டிஎன்களின் விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு 2025இல் வந்தது: உள்ளே சாலைக் காயங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன, மரணமும் கடுமையான காயமும் 37 சதவீதம். எல்லைச் சாலைகளில், அதாவது சுற்றியிருக்கிற பெரிய சாலைகளில், விபத்து கூடியதாகத் தெரியவில்லை. உள் லண்டனைவிட வெளி லண்டனில் பலன் குறைவு என்பதையும் அது சொன்னது.

சைக்கிளில் போகிறவருக்கு இந்தச் சதவீதம் எப்படித் தெரியும்? முன்பு சொன்ன ஒரு வண்டி அகலத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நிற்கும் கார்கள். நீங்கள் நடுவே சைக்கிளில் வருகிறீர்கள். எதிரே ஒரு எஸ்யூவி நுழைகிறது. ஒதுங்க இடமில்லை. அவர் நிற்க மாட்டார். நீங்கள் நிறுத்தியிருக்கிற கார்களுக்கு நடுவே சைக்கிளைச் சொருகிக்கொண்டு கண்ணாடி தோளில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒருவர் வந்தால் அது வேறு கதை: முந்த முடியாத கோபத்தில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே வருவார். 2022இல் திருத்திய பிரிட்டிஷ் சாலை விதி, சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டராவது இடைவெளி விடச் சொல்கிறது. அந்தத் தெருவின் மொத்த மிச்சமே அதற்குக் காணாது. ஒரு மணி நேரத்தில் முப்பது கார் வந்த அந்தத் தெருவில் பதினைந்து கார் வருகிறதென்றால், உடம்புக்கு முன்னால் மனசுதான் முதலில் தளர்கிறது. எல்டிஎன் வந்த பிறகு சைக்கிளை எடுத்தவர்கள் மஞ்சள் மேலங்கியும் ஹெல்மெட்டும் மாட்டி வேகமாகப் பறக்கிற பழைய ஆட்கள் இல்லை. பின்னால் பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போகிற அம்மாக்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. பெட்டிகளுக்கு நடுவே மோட்டார் பொருத்திய சைக்கிள்களும் மொபெட்களும் சாப்பாட்டுப் பையோடு சீறிக்கொண்டு போகின்றன. கார் சத்தம் ஓய்ந்த தெருவில் அவை வருவது முதியவர்களுக்குக் கேட்பதில்லை. இந்தக் குறை நியாயமானது.

ஓட்டுநர் கணக்கு

காரோட்டிகளின் கோபத்தை வெறும் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். லண்டனில் பத்தில் நான்கு வீடுகளில் கார் கிடையாது என்பதும், காரில் போகிற பல பயணங்கள் நடந்தே போகிற தூரம்தான் என்பதும் உண்மை. ஆனால் எல்லா ஓட்டுநரும் ஒரே ஆள் இல்லை.

பால் வாங்கக் காரை எடுக்கிறவர் ஒருவர். காலையில் எட்டு வீட்டுக்குப் போய், படுக்கையில் கிடக்கிற முதியவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுத்துவிட்டு வருகிற பராமரிப்பாளர் இன்னொருவர். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் கூடினால், அந்த ஐந்துக்குச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. குழாய் ரிப்பேர்க்காரர் கருவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியாது. உடல் குறைபாடு உள்ளவருக்குக் கார்தான் கால். இவர்களில் சிலருக்கு, உடல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தருகிற நீல அட்டை (ப்ளூ பேட்ஜ்) வைத்திருப்பவர்களுக்கு, பல கவுன்சில்கள் பிறகு விலக்கு கொடுத்தன. கேமரா இருக்கிற இடத்தில் அது செல்லும், மரப்பெட்டிக்கு அட்டையைக் காட்டி என்ன பயன்? தொடக்கத்திலேயே இதை யோசிக்காமல் விட்டது கவுன்சில்கள் தாமாகவே தேடிக்கொண்ட வினை.

டாக்ஸிக்காரர்களுக்கு இது தொழில் மானம். லண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர் உரிமம் வாங்க, சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். சந்து பொந்துகளை வைத்துத்தான் அவர்கள் செயலியை ஜெயிக்கிறார்கள். அந்தச் சந்துகளை அடைத்தால்? லண்டன் நகரத்தின் ஊரடங்குக் காலச் சாலைத் திட்டத்துக்கு எதிராக அவர்களுடைய சங்கங்கள் வழக்குப் போட்டு 2021 ஜனவரியில் ஜெயித்தன. ஜூலையில் மேல்முறையீட்டில் அந்த வெற்றி போய்விட்டது.

ஆம்புலன்ஸ் பற்றிய பயம் எல்லாக் கூட்டத்திலும் எழும். வால்தம் ஃபாரஸ்ட்டில் தீயணைப்பு வண்டிகள் போய்ச் சேர எடுத்த நேரத்தைப் பதிவுகளில் பார்த்தபோது எல்டிஎன் உள்ளே அது கூடவில்லை. வண்டிகள் குறைந்ததும், பூட்டுக் கம்பத்தை விட்டுக் கேமராவுக்குப் பல இடங்களில் மாறியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஆம்புலன்ஸ் மரப்பெட்டி முன் நின்று திரும்பிப் போகிற வீடியோ போதும். எந்தச் சராசரியும் அதன் முன் எடுபடாது.

வண்டிகள் எங்கே போயின?

இதுதான் மையக் கேள்வி. சின்னத் தெருவில் பாதி வண்டி குறைந்தால், அந்தப் பாதி பெரிய சாலையில்தானே கூடியிருக்க வேண்டும்? தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்தால் அப்படித்தான். ஆனால் வண்டியை ஓட்டுவது மனிதர்கள். 46 எல்டிஎன் ஆய்வில் எல்லைச் சாலைகளின் சராசரி மாற்றம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இஸ்லிங்டனில் மூன்று எல்டிஎன்களை அளந்த இம்பீரியல் கல்லூரி ஆய்வு இன்னும் ஆச்சரியம்: எல்லைச் சாலையிலும் வண்டியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் குறைந்திருந்தன.

இதற்குப் போக்குவரத்து ஆவியாதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மாயமந்திரம் மாதிரி இருந்தாலும் உள்ளே மாயம் இல்லை. சாலையின் கொள்ளளவைக் குறைத்த 70க்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள்: பாதிக்கு மேற்பட்ட இடங்களில், பக்கத்துச் சாலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும், முன்பிருந்த வண்டிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் காணாமல் போயிருந்தன. ஒருவர் கடைக்குப் போவதை வேலை முடிந்து வரும் வழியோடு சேர்த்துக்கொள்கிறார். இன்னொருவர் நேரத்தை மாற்றுகிறார். மூன்றாமவர் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போகிறார். எவரும் பெரிய தியாகம் செய்யவில்லை; ஆளுக்குக் கொஞ்சம் மாறியது கூடிப்போகிறது. இது ஒரே வாரத்தில் நடக்காது. முதல் சில வாரம் பெரிய சாலை திணறும். அந்தத் திணறலைத்தான் எல்லோரும் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

ஆனால் சராசரி என்கிற சொல்லில் ஒரு பித்தலாட்டம் ஒளிந்திருக்கிறது. பாதி எல்லைச் சாலைகளில் குறைந்து பாதியில் கூடினால் சராசரி பூஜ்யம்தான். கூடின சாலையில் முதல் மாடியில் குடியிருப்பவர் சராசரியில் குடியிருப்பதில்லை. தெற்கு லண்டனில் லாம்பெத் கவுன்சில் ஸ்ட்ரெதம் வெல்ஸ் என்ற பகுதியில் 2023 அக்டோபரில் ஒரு எல்டிஎன் போட்டது. பக்கத்தில் ஏ23 என்கிற பெருஞ்சாலை. அதில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தது. சின்னத் தெருக்களை அடைத்ததும் எல்லாம் அந்தச் சாலையில் குவிந்தன. மூன்று மைலுக்கும் குறைவான தூரத்துக்கு ஒரு பேருந்து இரண்டு மணி நேரம் எடுத்த நாளும் வந்தது. 2024 மார்ச்சில் திட்டத்தை நிறுத்தினார்கள். பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கார் இல்லை. அவர்கள்தான் இந்தத் திட்டம் யாருக்காக என்று சொன்னார்களோ அந்த ஆட்கள்.

பணக்காரர்கள் தங்கள் தெருவை அமைதியாக்கிக்கொண்டு புகையை ஏழைகள் மேல் தள்ளிவிட்டார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. லண்டன் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது நிற்காது. 2020இல் வந்த புதிய எல்டிஎன்களில், மிக ஏழ்மையான கால்பகுதி இடங்களில் வாழ்கிறவர்கள் இருப்பதற்கான வாய்ப்பு, மிக வசதியான கால்பகுதியினரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். லண்டன்வாசிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வசிப்பது சின்னத் தெருக்களில்தான், ஏழை பணக்காரர் எல்லோரும். மிச்சமிருக்கிற அந்த ஒருவருக்கு இதனால் ஆறுதல் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. தென்கிழக்கு லண்டனின் சவுத் சர்க்குலர் சாலைப் பக்கம் வாழ்ந்து 2013இல் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்த சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ராவின் மரணத்தில் காற்று மாசுக்குப் பங்கு உண்டு என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். எல்டிஎன் போடாத காலத்துப் பெரிய சாலைதான் அது. பெரிய சாலையின் நோய் பழையது. மரப்பெட்டி அதை உண்டாக்கவில்லை, குணமாக்கவும் இல்லை.

தாட்சரின் காரில் ஒரு பிரதமர்

2023 ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி மயிரிழையில் தப்பியது. புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கிற யூலெஸ் திட்டத்தின் மீது இருந்த கோபம்தான் காரணம் என்று எல்லோரும் படித்தார்கள். பத்து நாளில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், மார்கரெட் தாட்சர் பயன்படுத்திய பழைய ரோவர் காரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, தான் காரோட்டிகளின் பக்கம் என்று அறிவித்தார். எல்டிஎன்கள் மீது ஆய்வுக்கு உத்தரவிட்டார். இந்தத் திட்டங்களுக்கு 2020இல் அவசரப் பணம் கொடுத்ததும் இதே கட்சியின் அரசுதான் என்பதை அந்தப் படத்தில் யாரும் எழுதவில்லை.

அவர் கேட்ட ஆய்வு 2024 மார்ச்சில் வந்தது. லண்டன், பர்மிங்ஹம், விகன், யார்க் என நான்கு இடங்களில் குடியிருப்போரைக் கேட்டிருந்தார்கள். 45 சதவீதம் ஆதரவு, 21 சதவீதம் எதிர்ப்பு. இதைவிட எனக்குப் பிடித்த எண் வேறு: 58 சதவீதம் பேருக்குத் தாங்கள் எல்டிஎன்னில் வசிக்கிறோம் என்பதே தெரியவில்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் உள்நாட்டுப் போர் மாதிரி காட்டிக்கொண்டிருந்தபோது, போர்க்களத்தில் இருந்தவர்கள் பாதிக்கு மேல் அதைக் கவனிக்கவில்லை.

ஆனாலும் எதிர்த்தவர்களின் கோபம் பொய்யில்லை, அதில் ஒரு பங்கு நடைமுறை பற்றியது. தெற்கு லண்டனின் வெஸ்ட் டல்விச் எல்டிஎன்னை 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. மரப்பெட்டி தப்பு என்று நீதிபதி சொல்லவில்லை. குடியிருப்போர் தயாரித்துக் கொடுத்த 53 பக்க ஆவணத்தை லாம்பெத் கவுன்சில் உரியபடி பரிசீலிக்காமல் முடிவெடுத்தது தப்பு என்றார். கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பரோவில் தலைகீழ்: எல்டிஎன்னை எடுப்பேன் என்று வாக்குறுதி கொடுத்து 2022இல் ஜெயித்த மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் எடுக்க முடிவு செய்ய, வைக்கச் சொல்லி குடியிருப்போர் நீதிமன்றம் போனார்கள். ஒரு பரோவில் எடுக்கச் சொல்லி வழக்கு, தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எடுக்காதே என்று வழக்கு.

ஆக்ஸ்ஃபோர்டில் இது இன்னும் விசித்திரமாகப் போனது. 15 நிமிட நடைத் தூரத்தில் எல்லாம் கிடைக்கிற நகரம் என்கிற சாதாரண நகரமைப்பு யோசனையும் கார் கட்டுப்பாடும் குழம்பி, அரசு மக்களைப் பேட்டைக்குள் அடைக்கப்போகிறது என்ற வதந்தியாக மாறி, 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலத்தில் வெளியூர்க்காரர்கள் நிறைய. உள்ளூரில் கம்பத்தை உருக்கியவர்களின் காரணம் அவ்வளவு பெரியதாக இருந்திருக்காது. கௌலி ரோட்டுப் பக்கம் போகச் சில நிமிடம் கூடுதலானதாக இருக்கலாம்.

இன்று நீங்கள் ஹாக்னியில் ஒரு உள்தெருவில் சைக்கிளில் போனால் காக்கை கரைவது கேட்கும். பிள்ளைகள் பள்ளிவிட்டு நடுத்தெருவில் நடந்து வருவார்கள். மரப்பெட்டிகளைத் தாண்டி இன்னும் நூறு அடி. அதோடு உள்தெரு முடிகிறது. எதிரே பெரிய சாலை: பேருந்துத் தடத்தில் ஒரு வேன் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, பேருந்து அதைச் சுற்றி வெளியே வருகிறது, இடதுபுறம் திரும்பக் காத்திருக்கிற லாரியின் ஓட்டுநர் உங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. உங்களுக்குப் பின்னால், உள்தெருவிலிருந்து வெளியேற வந்த ஒரு கார். அவருக்கும் இதே சாலைதான், இதே சிக்னல்தான். இருவரும் நிற்கிறீர்கள்.